பட்டாசுச் சத்தத்துக்கே பதறும் அம்மாவுக்கு: அக்கா சொல்லும் டிப்ஸ்

"அம்மா கோயமுத்தூர்ல தனியா இருக்காங்கக்கா. எங்கயோ குண்டு வெடிச்சதுன்னு டி.வி.யில வந்தாப் போதும், அன்னிக்கு ராத்திரி தூக்கமே கிடையாது. நான் துபாய்ல உக்காந்துகிட்டு என்ன பண்றது?" இப்படிக் கேட்டுட்டு ஒரு தங்கச்சி போன்லயே அழுதுட்டா. அவளுக்குச் சொன்னதையும், அப்ப சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்க எழுதறேன். அப்பா அம்மாவை, அத்தையை, சித்தியைத் தனியா விட்டுட்டு வெளியூர்ல இருக்கிற தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் இது ஆகும்.

முதல்ல எங்க பெரியம்மா கதை. 1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை. சாயங்காலம் நாலு மணி வாக்குல கோவையில வரிசையா குண்டு வெடிச்சுது. ஆர்.எஸ்.புரம், ரயில்வே ஸ்டேஷன், பெரியாஸ்பத்திரின்னு ஊரே அலறுச்சு. 58 பேர் செத்துப்போனாங்க, 200 பேருக்கு மேல காயம். அன்னிக்கு மதியம் சொந்தக்காரர் ஒருத்தரைக் கூட்டிட்டு வர பெரியப்பா ஸ்டேஷனுக்குப் போயிருந்தாரு. கையில போன் கிடையாது, பஸ்ஸும் நின்னுபோச்சு. சந்து சந்தா சுத்தி அவரு வீடு வந்து சேர ராத்திரி ஒன்பதரை. அதுவரைக்கும் பெரியம்மா வாசப்படியை விட்டு எந்திரிக்கலை.

இப்ப அவங்களுக்கு 81 வயசு. பெரியப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு. பையன் அமெரிக்காவுல, பொண்ணு பெங்களூர்ல. 2022 அக்டோபர் 23 விடியக்காலையில, தீபாவளிக்கு முந்தின நாள், உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னாடி கார் வெடிச்சுது இல்லையா? அன்னியிலிருந்து அவங்களுக்குத் தூக்கம் போச்சு. நாங்க எல்லாரும் ஆளாளுக்கு "ஒண்ணும் ஆகாது பெரியம்மா, போலீஸ் பாத்துக்கும்"னு சொன்னோம். எதுவும் எடுபடலை.

ரெண்டு மாசம் கழிச்சு ஒருநாள் அவரைக்காய் உரிச்சுகிட்டே கேட்டேன்: "எதை நினைச்சா பெரியம்மா ரொம்பப் பயமா இருக்கு? குண்டு நம்ம வீட்டுல விழுந்துருமோன்னா?" அவங்க நிமிர்ந்து பாத்தாங்க. "குண்டு விழுந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சுது கண்ணு. யாருக்கு என்னாச்சுன்னு தெரியாம உக்காந்திருக்கணுமே, அதுக்குத்தான் பயம். அன்னிக்காவது பக்கத்துல அத்தை இருந்தாங்க. இப்ப கேக்க யாரு இருக்கா?"

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. அதனால என் முதல் டிப்ஸ் இதுதான்: ஆறுதல் சொல்றதுக்கு முன்னாடி, எதுக்குப் பயம்னு கேளுங்க. ஒரே செய்தியைப் பாத்தாலும் ஒவ்வொருத்தருக்கும் பயம் வேற. ஒருத்தருக்குப் பிள்ளை போற ரயிலைப் பத்தி. இன்னொருத்தருக்கு ஊரடங்கு போட்டா சுகர் மாத்திரைக்கு என்ன பண்றதுன்னு. தனக்கு ஏதாச்சும் ஆனா மூணு நாள் யாருக்கும் தெரியாம கிடப்போமோன்னு நடுங்கறவங்களும் இருக்காங்க. கோட்டைமேட்டுல தனியா இருக்கிற ஒரு பாய் வீட்டம்மாவுக்கு வெடிச்சத்தமும் பயம். வெடிச்ச மறுநாள் தெருவுல நடக்கிற விசாரணையும், பால் வாங்கப் போற இடத்துல மாறிப்போற முகங்களும் அதே அளவு பயம். எந்தப் பயம்னு தெரியாம எல்லாத்துக்கும் "ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னா, "இவ நான் சொல்றதைக் காதுலயே வாங்கலை"ன்னுதான் அவங்களுக்குத் தோணும். அப்புறம் சொல்றதையே நிறுத்திருவாங்க.

பழைய கதையை ஆரம்பிச்சா "திரும்பவுமா?"ன்னு சலிச்சுக்காதீங்க. முழுசா சொல்ல விடுங்க. முடிச்சதும் ஒரே ஒரு கேள்வி: "அப்புறம் எப்படிம்மா சமாளிச்சீங்க?" கடைங்க சாத்திக் கிடந்த நாட்கள்ல பக்கத்து வீட்டோட அரிசியைப் பகிர்ந்துகிட்டது, குழந்தைக்குப் பால் தேடி அலைஞ்சது எல்லாம் அப்பத்தான் வெளிய வரும். அதைச் சொல்லும்போது குரலே மாறும், பாருங்க.

டி.வி.யை என்ன செய்யறது?

பிடுங்கி எடுத்துறாதீங்க. தனியா இருக்கிறவங்களுக்கு அது வீட்டுல இன்னொரு ஆள் பேசற மாதிரி. ஆனா அளவு வேணும். 2013ல அமெரிக்காவுல பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்துல குண்டு வெடிச்சப்ப, அலிசன் ஹோல்மன்னு ஒரு ஆய்வாளரும் அவங்க குழுவும் ஆயிரக்கணக்கான பேர்கிட்ட விசாரிச்சாங்க. வெடிச்ச வாரத்துல தினமும் ஆறு மணி நேரம், அதுக்கு மேலன்னு அந்தச் செய்தியிலயே மூழ்கிக் கிடந்தவங்களுக்கு, சம்பவ இடத்துல நேர்லயே இருந்தவங்களை விட மன அழுத்தம் அதிகமா இருந்துச்சாம். இதைப் படிச்ச அன்னிக்கு பெரியம்மா வீட்டு டி.வி.தான் என் கண்ணு முன்னாடி வந்துச்சு. ஒரே புகை, ஒரே ஓட்டம், நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப. ஞாபகம் கொஞ்சம் மங்கின வயசுல, மதியம் காட்டினதையே சாயங்காலம் மறுபடி காட்டினா, இன்னொரு இடத்துலயும் வெடிச்சிருச்சுன்னு நினைச்சுக்கறாங்க. எங்க பெரியம்மா அப்படி நினைச்சிருக்காங்க.

நாங்க செஞ்சது இது: காலையில பேப்பர், சாயங்காலம் ஏழு மணிச் செய்தி அரை மணி நேரம். அது முடிஞ்சதும் பாட்டோ சீரியலோ. படுக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியிருந்து செய்தி வேண்டாம். "பாக்காதீங்க"ன்னு உத்தரவு போட்டா நடக்காது. "ஏழு மணிச் செய்தியைப் பாத்துட்டு என்ன சொன்னான்னு எனக்குச் சொல்லுங்க பெரியம்மா"ன்னு ஒரு வேலையா கொடுத்தேன், நடந்துச்சு.

வாட்ஸ்அப் தனி வில்லங்கம். ஏதோ ஒரு நாட்டுல பல வருஷத்துக்கு முன்னாடி எடுத்த வீடியோவை "இன்று கோவையில்"னு போட்டு அனுப்பறாங்க. எது வந்தாலும் முதல்ல எனக்கு அனுப்புங்க, நான் பாத்துச் சொல்ற வரைக்கும் வேற யாருக்கும் அனுப்ப வேண்டாம்னு பேசி வெச்சுக்குங்க. பயமுறுத்தறதையே பொழப்பா வெச்சிருக்கிற குரூப்பா இருந்தா, அவங்க சம்மதத்தோட சத்தத்தை அணைச்சு வெச்சிருங்க.

டி.வி.க்கு முந்திக்குங்க

எங்கயாவது சம்பவம்னு கேள்விப்பட்டதும், அம்மா டி.வி. போடறதுக்குள்ள கூப்பிட்டுருங்க. ரெண்டே வரி போதும்: "டில்லியில ஒரு வெடிவிபத்து, என்னன்னு விசாரிச்சுட்டிருக்காங்க. நம்ம ஆளுங்க எல்லாரும் நல்லா இருக்காங்க, நான் கேட்டுட்டேன்." பெரியம்மா மாதிரி காத்திருந்து காத்திருந்து நொந்தவங்களுக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை.

பெரிய சம்பவம் நடந்தா எல்லாரும் ஒரே நேரத்துல கூப்பிடறதால லைன் கிடைக்காது. அப்ப எஸ்.எம்.எஸ். போய்ச் சேர வாய்ப்பு அதிகம். "நல்லா இருக்கேன்"னு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்ப அம்மாவுக்குப் பழக்கிக் கொடுங்க. அதோட, அந்த ஊர்ல இல்லாத ஒரு சொந்தக்காரரைப் பொது ஆளா வெச்சுக்குங்க. எங்களுக்கு ஈரோட்டுச் சித்தப்பா. யாருக்கு யாரைப் பிடிக்க முடியலைன்னாலும் அவருக்குத்தான் தகவல் போகும், அவர்கிட்ட இருந்துதான் தகவல் வரும்.

தினசரி போனுக்கு ஒரு நேரம் வைங்க, அதை மாத்தாதீங்க. பத்து நிமிஷம் பேசினாப் போதும், ஆனா நேரம் தவறக்கூடாது. ஒன்பது மணிக்கு வர்ற போன் பத்து வரைக்கும் வரலைன்னா அந்த ஒரு மணி நேரம் அவங்க என்னவெல்லாம் நினைப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. வேலை இருந்தா ஒரு மிஸ்டு கால் குடுங்க. அது "நல்லா இருக்கேன், அப்புறம் பேசறேன்"னு ரெண்டு பேருக்கும் முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும்.

தாழ்ப்பாள் விஷயம்

இது எனக்கு வலிக்கிற விஷயம். 2022ல பெரியம்மா பயந்ததும், அவங்க வாசக் கதவுக்கு உள்பக்கமா மூணு தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தோம். பாதுகாப்புன்னு நினைச்சுத்தான் செஞ்சோம். அடுத்த வருஷம் ஆடி மாசம் குளியலறையில வழுக்கி விழுந்துட்டாங்க. குரல் கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டுக்காரங்களால உள்ள போக முடியலை. ஆசாரியைக் கூட்டிட்டு வந்து கதவைப் பேத்து எடுக்க முக்கால் மணி நேரம். ஈரத் தரையில அவ்வளவு நேரம் கிடந்தாங்க.

வயசானவங்களுக்கு ஈரத்தரையும், இருட்டும், மாடிப்படியும்தான் தினம் தினம் இருக்கிற ஆபத்து. எங்கயோ நடக்கிற ஒண்ணுக்குப் பயந்து இதைப் பெருசாக்கிறக் கூடாது. வெளியிலிருந்தும் சாவி போட்டுத் திறக்கிற பூட்டு ஒண்ணு போதும். ஒரு சாவி நம்பிக்கையான பக்கத்து வீட்டுல இருக்கட்டும். கதவுல பார்க்கிற லென்ஸ், வாசல்ல நல்ல வெளிச்சம், குளியலறையில பிடிச்சுக்க ஒரு கம்பி. இந்த மூணுக்கும் சேர்த்தே பெரிய செலவு ஆகாது. காலையில ஆறரைக்குள்ள ஜன்னல் கதவு திறக்கலைன்னா எதிர் வீட்டுல வந்து தட்டணும்னு பேசி வெச்சிருக்கோம். பால்காரருக்கும், இஸ்திரி போடற அண்ணனுக்கும் சொல்லியாச்சு. தனக்கு ஏதாச்சும் ஆனா யாருக்குத் தெரியும்ங்கிற கேள்விக்கு இப்ப ஆள் பேரோட பதில் இருக்கு.

அந்த எதிர் வீட்டுல இருக்கிறவங்க முஸ்லிம் குடும்பம். சாவி அங்கதான் இருக்கு. குண்டு வெச்சவங்க மேல வர்ற கோபத்தைப் பக்கத்து வீட்டு மேல திருப்பிவிடற பேச்சை நீங்க அம்மாகிட்டப் பேசினீங்கன்னா, ஆபத்துன்னா அஞ்சு எட்டுல ஓடி வரக்கூடிய ஒரே மனுஷரை நீங்களே வெட்டி விட்டுர்றீங்க. 2022 கார் வெடிப்புக்கு அப்புறம் அந்த வட்டாரத்து ஜமாஅத் பெரியவங்க கோட்டை ஈஸ்வரன் கோயிலுக்கே போய்ப் பேசிட்டு வந்தாங்க. ஒரு வீட்டு அளவுல நாமளும் அதைச் செய்யலாம். ரம்ஜான் கஞ்சிக்கும் தீபாவளிப் பலகாரத்துக்கும் கிண்ணம் போய் வந்துகிட்டு இருக்கட்டும்.

ஒரு பை, ஒரு தாள்

1998ல கடைங்க நாள்கணக்கா திறக்கலை. அதனால ரெண்டு வாரத்துக்கான பிபி, சுகர் மாத்திரை எப்பவும் கையிருப்புல இருக்கட்டும். பழசை முதல்ல சாப்பிட்டுப் புதுசை உள்ள வைங்க. ஒரு சின்னத் துணிப்பையில டாக்டர் சீட்டு நகல், ஆதார் நகல், பழைய கண்ணாடி, காது மெஷின் பேட்டரி, டார்ச், பத்தும் இருபதும் ஐம்பதுமா கொஞ்சம் சில்லறை நோட்டு, பிஸ்கட். அவ்வளவுதான். அரிசி மூட்டை, மண்ணெண்ணெய்னு அடுக்க ஆரம்பிச்சா வீடு முழுக்கப் பயம்தான் நிரம்பும்.

போன் பக்கத்துல ஒரு தாள், கொட்டை எழுத்துல, தமிழ்ல எழுதி ஒட்டுங்க. அவசரத்துக்கு 112. ஆம்புலன்ஸ் 108. எதிர் வீடு. டாக்டர். முதியோர் உதவி எண் 14567, இது காலை எட்டு மணியிலிருந்து ராத்திரி எட்டு வரைக்கும். மனசு சரியில்லைன்னா டெலி மானஸ் 14416, இது எந்நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். பணம் ஏமாத்திட்டாங்கன்னா 1930. தாளை ஒட்டினதோட விட்டுறாம, நீங்க ஊருக்கு வரும்போது அவங்க கையாலயே ஒரு தடவை எதிர் வீட்டு நம்பரைப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க. பயத்துல விரல் நடுங்கும்போது, ஏற்கெனவே பழகினதுதான் கை கொடுக்கும்.

பஸ் ஸ்டாண்டுல, கோயில்ல யாருமில்லாத பை கிடந்தா தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது, தள்ளிப் போய் போலீஸ்கிட்டச் சொல்லணும். இதை ஒரு தடவை சொன்னாப் போதும்.

பயத்தை வெச்சுப் பணம் பறிக்கிறவங்க

இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க. இன்னைக்கு தனியா இருக்கிற பெரியவங்க வீட்டுக்குள்ள தீவிரவாதம்ங்கிற வார்த்தை நுழையற நிஜமான வழி இதுதான். ஒரு போன் வரும். "உங்க ஆதார்ல சிம் வாங்கியிருக்காங்க, உங்க அக்கவுண்ட்ல இருந்து தீவிரவாதிகளுக்குப் பணம் போயிருக்கு"ம்பான். அடுத்து வீடியோ கால். போலீஸ் உடுப்பு, பின்னாடி ஆபீஸ் மாதிரி செட்டப், முத்திரை போட்ட கடுதாசி. "கேமராவை விட்டு நகரக்கூடாது, பிள்ளைங்ககிட்டச் சொன்னா அவங்களையும் பிடிப்போம்." மணிக்கணக்கா, சில சமயம் நாள்கணக்கா உக்கார வெச்சு, வாழ்நாள் சேமிப்பையே சரிபார்க்கணும்னு மாத்தச் சொல்லுவான். டிஜிட்டல் அரெஸ்ட்னு இதைச் சொல்றாங்க. அப்படி ஒண்ணு நம்ம நாட்டுச் சட்டத்துலயே கிடையாது. 2024 அக்டோபர்ல பிரதமரே ரேடியோவுல பேசும்போது இதைச் சொல்லி எச்சரிச்சார்.

அம்மாவுக்கு ஒரே வரியில சொல்லிக் கொடுங்க: "யாருகிட்டயும் சொல்லாதேன்னு எவன் சொன்னாலும் அவன் திருடன்." போலீஸ், பேங்க், சி.பி.ஐ. எதுவா இருக்கட்டும். உடனே போனை வெச்சுட்டு உங்களைக் கூப்பிடணும். "நேர்ல வாங்க, என் பொண்ணு இருக்கும்போது பேசிக்கலாம்"னு சொல்லிட்டு வைக்கலாம், அதுல மரியாதைக் குறைவு ஒண்ணுமில்லை. பணம் போயிருந்தா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காம 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை நிறுத்தி வைக்க வழி இருக்கு. தயவுசெஞ்சு திட்டாதீங்க. "இவ்வளவு படிச்சும் ஏமாந்துட்டீங்களே"ங்கிற ஒரு வார்த்தை போதும், அடுத்த தடவை உங்ககிட்ட மறைச்சுருவாங்க. அந்தத் திருடனுக்கு வேண்டியதும் அதுதான்.

சத்தமும் உடம்பும்

காது மந்தமானவங்களுக்குச் சத்தம் எங்கிருந்து வருதுன்னு பிரிச்சுப் பார்க்க முடியாது, அதனால தூக்கிப் போடும். தெருவுல கல்யாணம், கோயில் வேட்டு, தீபாவளின்னா முந்தின நாளே சொல்லி வைங்க. பதறி நிக்கிறப்போ, காலைத் தரையில அழுத்தி வெச்சு உக்காரச் சொல்லி, நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடச் சொல்லுங்க. நீங்களும் போன்ல கூடவே எண்ணுங்க. ஆனா நெஞ்சு அடைக்குது, வேர்த்துக் கொட்டுது, மூச்சு வாங்குது, வாந்தி வருதுன்னா "பயத்துல இருக்கும்"னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. சுகர் இருக்கிறவங்களுக்கு நெஞ்சுவலி இல்லாமயே மாரடைப்பு வரும். உடனே 108.

தூக்கம் வரலைன்னு பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையில ஒண்ணு வாங்கிப் போடறதையும் நிறுத்துங்க. அந்த மாத்திரைங்களால பெரியவங்களுக்குத் தள்ளாட்டமும் குழப்பமும் வரும், ராத்திரி எந்திரிச்சா விழுந்துருவாங்க. ரெண்டு மூணு வாரத்துக்கு மேல தூக்கமும் சாப்பாடும் சரியில்லைன்னா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. இன்னொண்ணு பலருக்குத் தெரியாது. நேத்து வரைக்கும் நல்லா இருந்தவங்க திடீர்னு "மொட்டை மாடியில யாரோ குண்டு வைக்கிறாங்க"ன்னு சொன்னா, அது சிறுநீர்த் தொற்றாலயோ, உடம்புல உப்பு குறைஞ்சதாலயோகூட இருக்கலாம். அன்னைக்கே பாக்கணும். கொஞ்சம் கொஞ்சமா வளர்ற சந்தேகம்னா மறதி நோயோட தொடக்கமா இருக்கலாம். அதையும் டாக்டர்தான் சொல்லணும்.

மறுபடி வெளிய

பயந்து உள்ளயே இருந்தா கால் பலம் போகும், பயமும் கூடும். பெரியம்மா எட்டு மாசம் கோயிலுக்குப் போகலை. முதல்ல தெருமுனைப் பிள்ளையார் வரைக்கும் என் கையைப் பிடிச்சு நடந்தாங்க. ஒரு வாரம் அதோட சரி. அப்புறம் கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை காலையில ஆட்டோ வெச்சுக் கோயிலுக்கு, பத்து நிமிஷம்தான். எந்த வாசல் வழியா வெளிய வரலாம்னு பாத்து வெச்சுக்கிட்டோம். கார்த்திகைக்குள்ள தனியாவே ஆட்டோ பிடிச்சுப் போக ஆரம்பிச்சுட்டாங்க. பிரதோஷக் கூட்டத்துக்கு இன்னும் போறதில்லை. போகட்டும்னு நான் வற்புறுத்தலை.

2025 நவம்பர் 10, டில்லி செங்கோட்டைப் பக்கத்துல கார் வெடிச்ச அன்னிக்கு சாயங்காலம் நான் ஒரு கல்யாண வரவேற்புல இருந்தேன், செய்தி தெரியாது. அவங்ககிட்ட இருந்துதான் எனக்கு போன் வந்துச்சு. "நம்ம ஆளுங்க எல்லாம் நல்லா இருக்காங்க கண்ணு, ஈரோட்டுக்குப் போட்டுக் கேட்டுட்டேன். பின் தெருவுல ஒரு டீச்சரம்மா தனியா இருக்காங்கல்ல, அவங்க டி.வி. போடறதுக்குள்ள சொல்லணும், வெச்சுர்றேன்"னாங்க. அடுத்த தடவை வீட்டுக்குப் போனப்போ போன் பக்கத்துத் தாளைப் பாத்தேன். 1930க்குக் கீழ, அவங்க நடுக்கக் கையெழுத்துல, அந்த டீச்சரம்மா நம்பர் ஏறியிருந்துச்சு.